தொண்ணூறு நாள் தவணை



ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். மார்கழி பிறந்துவிட்டது. பின்னேரம் 5 மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது.

விடியற்காலையில் நான் கோப்பி வாங்கும் கடையின் வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு கார்கள் அருகருகே வந்து நிற்கும். ஒன்றில், முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வரும் மனைவி. மற்றதில், வெயர்ஹவுஸுக்குக் காலை வேலைக்குப் போகும் கணவன். தூங்கும் மகளைப் போர்வையோடு தூக்கி மனைவியின் காரில் கிடத்துவான். "இருமல் மருந்து பையுக்க இருக்கு." "சரி." அவ்வளவுதான் பேச்சு. மிச்சக் குடித்தனம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது: பால் முடிந்தது, பள்ளிக்கூடத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

போன கிழமை அந்தக் கணவன் மணமுறிவு பற்றிச் சட்டத்தரணி எழுதிய கடிதமொன்றைக் கொண்டுவந்து வாசித்து விளக்கச் சொன்னான். "என்னடா நடந்தது?" என்று கேட்டேன். "பெரிசா ஒண்டும் நடக்கேல்லை அண்ணை. ஆனா இனி ஏலாது" என்றான். நெடுநேரம் இருந்து கதைத்தபின் கணக்குப் புரிந்தது.

2021இல், கனடிய மத்திய வங்கியின் வட்டி 0.25 வீதமாக இருந்தபோது, மாறும் வட்டிக்குக் கடனெடுத்து வீடு வாங்கினார்கள். 2023 ஆடியில் அதே வட்டி 5 வீதம். மோட்கேஜ் கட்ட இருவரும் மேலதிக வேலை எடுத்தார்கள். அதே நேரம் ஊரில் அவன் தங்கைக்குக் கல்யாணம், சீதனம். அவள் தம்பிக்கு வெளிநாட்டுப் பயணச் செலவு. "உங்கட வீட்டுக்கு எவ்வளவு போனது, எங்கட வீட்டுக்கு எவ்வளவு போனது?" என்பதில் முதற்சண்டை. காசுக்காக நேரத்தை விற்றார்கள். நேரம் போனபின் சண்டையை ஆறவைக்க ஒரு பின்னேரமும் மிஞ்சவில்லை. பேசாதிருந்த வீட்டுக்குள் சந்தேகம் வந்து குந்திக்கொண்டது.

கனடாவின் 1985ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், பிரிய நினைப்பவர்கள் திரும்பச் சேர்ந்து பார்க்கவும் ஓர் இடம் இருக்கிறது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தால் மணமுறிவு கேட்கலாம். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டும் பிரிந்து வாழலாம் என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. அந்த ஆண்டுக்குள் ஒத்துப்போகும் எண்ணத்தோடு மொத்தம் 90 நாள்வரை மீண்டும் சேர்ந்து வாழ்ந்து பார்க்கலாம். சரிவராவிட்டால் ஆண்டுக் கணக்கு முறியாது. சேர்ந்து வாழ வாய்ப்புண்டா என்று சட்டத்தரணியே கட்சிக்காரரோடு பேசவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. விலக வந்தவர்களுக்குச் சட்டமே தவணை கொடுக்கிறது. உறவினர் நாங்கள் அதைக் கொடுப்பதில்லை. "ஊர் என்ன சொல்லும்?" என்பதோடு எங்கள் அக்கறை முடிந்துவிடுகிறது.

அடியும் அச்சமும் உள்ள வீட்டுக்கு இந்தப் பேச்சுப் பொருந்தாது. அங்கே விலகுவதுதான் பாதுகாப்பு. அப்படிப்பட்ட பெண்ணிடம் "பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்வது பெரும் பாவம். நான் சொல்வது களைத்துப்போன வீடுகளைப் பற்றி. ஒருவரையொருவர் வெறுக்காமலே பிரிகிற தம்பதிகளை இங்கே நிறையப் பார்க்கிறேன். பார்த்துப் பேசக் கிடைக்காத இரண்டு பேர், நாளடைவில் ஒருவர் முகத்தில் ஒருவர் கடனை மட்டுமே காண்கிறார்கள்.

அந்தக் கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை வேலையை இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு மூவருமாகப் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டதாகச் சொன்னான். சட்டத்தரணியின் கடிதம் இன்னும் அவன் மேசையில்தான் இருக்கிறது. என்ன முடிவெடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை எடுக்கும்போது "ரெண்டு பேரும் ஒண்டாச் சாப்பிட்டு எத்தினை நாள்?" என்று கேளுங்கள். முடிந்தால், "இந்த மாதம் காசு வேண்டாம், அந்தக் காசுக்கு உழைக்கிற நாளில ரெண்டு பேரும் வீட்டில நில்லுங்கோ" என்றும் சொல்லுங்கள்.