மஞ்சக் கடுதாசி

எங்கள் பக்கம் 'அவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்' என்றால் அந்த ஆள் கதை முடிந்தது என்று அர்த்தம். அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். தையல் கடை வைத்திருந்த அண்ணனுக்குக் கடன் 11 லட்சத்தைத் தொட்டபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "வீட்ட வேணா வித்துக் குடு. அந்தக் கடுதாசி மட்டும் வேணாம்டா."

வீட்டை விற்றாலும் பாதிதான் அடையும். வட்டிக்காரர் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஷட்டரை இறக்கிவிட்டு கடைக்குள்ளேயே படுத்துக்கொண்டான். அண்ணி ராத்திரி ரெண்டு தடவை போய் ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

நான்தான் வக்கீலிடம் கூட்டிப்போனேன். சென்னைக்கு 1909ஆம் வருடச் சட்டம். எங்களைப் போன்ற ஊர்களுக்கு 1920ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம். 2016இல் வந்த திவால் சட்டத்தில் தனியாட்களுக்கான பகுதி, கம்பெனிக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அமலுக்கு வந்திருக்கிறது. பழைய சட்டப்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம். வெள்ளைக்காரன் காலத்து 500!

"வீட்ட அண்ணி பேருக்கு மாத்திட்டா?" என்றேன்.

"ரெண்டு வருஷத்துக்குள்ள அப்படி எழுதினத கோர்ட் ரத்து பண்ணலாம் தம்பி. வீடு ரிசீவர் கைக்குப் போகும். தாலி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தொழில் பண்ற கருவி, இதுல கை வைக்க முடியாது."

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "தையல் மெஷினுமா சார்?"

"அதுவும்தான்."

மனுவில் கையெழுத்துப் போட்டாயிற்று. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.