முப்பது பேருக்கு எத்தனை டிஸ்க்?

ஒக்டோபர் 7, 2025 – ஹட்டன்

வருகிற 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசொஃப்ட் நிறுத்துகிறது. தோட்ட ஆபீஸ்களில் இருக்கும் பழைய பெட்டிகளில் விண்டோஸ் 11 ஏறாது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கித் தரக் கேட்டால் துரைமார் முகம் எப்படிப் போகும் என்பது தெரிந்ததுதான். ஆகவே டெர்மினல் சேர்வர். பழைய பெட்டியில் லினக்ஸைப் போட்டுவிட்டால் அது திரையும் கீபோர்டுமாக இருந்தால் போதும். வேலையெல்லாம் ஹட்டனில் நடக்கும்.

கொழும்பிலிருந்து கொட்டேஷன் வந்திருக்கிறது. 7,200 சுற்று டிஸ்க் நாலு, ஒவ்வொன்றும் 4 டெராபைட், ரெய்ட் 5. மொத்தம் 12 டெராபைட் கிடைக்குமாம். செக்ரோல், கொழுந்துக் கணக்கு, ஸ்டோர் கணக்கு எல்லாம் சேர்த்தாலும் நமக்கு ஒன்று நிரம்பாது. இடத்தை யார் கேட்டார்கள்?

ஒக்டோபர் 9

நாளை சம்பளம். பரீட்சார்த்தமாகப் பழைய சேர்வர் ஒன்றில் சில தோட்டங்களை ஏற்றியிருக்கிறோம். அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு எல்லோரும் ஒன்றாக லொகின் ஆனார்கள். பெரிய கிளாக்கர் போன் எடுத்தார்: "தம்பி, ஒரு ஆளுக்குப் பேர் போட்டு எண்டரத் தட்டினா, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் அப்படியே நிக்குதுப்பா."

பார்த்தேன். புரொசஸர் சும்மா இருக்கிறது, மெமரியும் மிச்சம். டிஸ்க் வாசலில்தான் வரிசை. ஒவ்வொருவருடைய புரொஃபைல், தற்காலிகக் கோப்புகள், பிரிண்ட் போகும் ஸ்பூல் என்று எல்லாமே சின்னச் சின்ன எழுத்து, டிஸ்க்கில் மூலைக்கு ஒன்று. 7,200 சுற்று டிஸ்க் ஒன்று விநாடிக்குச் சுமார் 75 தடவைதான் அப்படி இடம் மாறி வேலை செய்யும். ஆளுக்குப் பத்து என்று வைத்தால் முப்பது பேருக்கு 300. நாலு டிஸ்க்குக்கும் சேர்த்து அதே 300 வருகிறதே என்று விற்பனைக்காரர் சொல்வார். ஆனால் ரெய்ட் 5இல் ஒரு சின்ன எழுத்துக்கு நாலு வேலை: பழைய தரவைப் படிக்க வேண்டும், பழைய பரிட்டியைப் படிக்க வேண்டும், பிறகு இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். பத்தில் எட்டு எழுத்து என்றால் அந்த 300, 88க்கு இறங்கிவிடும். ரெய்ட் 10இல் எழுத்துக்கு இரண்டு வேலைதான். அப்போதும் 167ஐத் தாண்டாது. கன்ட்ரோலரில் பற்றரி வைத்த கேஷ் இருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், அவ்வளவே.

ஒக்டோபர் 12

மத்தியானம் ஒரே இடி. இரண்டு தடவை கரண்ட் போனது.

முடிவு: எஸ்எஸ்டி இரண்டு, ரெய்ட் 1. கடையில் கிடைக்கும் சாதாரணச் சரக்கு வேண்டாம். கரண்ட் போகும் கணத்தில் கையிலிருப்பதை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் வைத்த சேர்வர் வகை. பேக்கப் நுவரெலியா ஆபீஸுக்குப் போகும். ஒரே பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அதைப் பேக்கப் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்தது, ஒரே சேர்வரை இரண்டாகப் பிரித்து ஓட்டும் வேர்ச்சுவல் விஷயம். விஎம்வெயாரை 2023 நவம்பரில் புரோட்கொம் வாங்கியது. அடுத்த மாதமே ஒருதடவை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸை நிறுத்தியது. இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயையும் எடுத்துவிட்டு, இந்த ஏப்ரலில் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். இன்று தருவதை நாளை எடுக்க மாட்டார்கள் என்று யார் கண்டது? புரொக்ஸ்மொக்ஸ் எனக்குப் பிடித்தது. ஆனால் நான் லீவில் போனால் இங்கே அதைத் தொட ஆளில்லை. ஹைப்பர்-வி போதும். விண்டோஸ் சேர்வர் ஸ்டாண்டர்ட் லைசென்ஸ் ஒன்றில் இரண்டு வேர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம்: ஒன்று கிளாக்கர்மாருக்கு, மற்றது டேட்டாபேஸுக்கு.

ஒக்டோபர் 14

"எதுக்குத் தம்பி ஒரு சேர்வரப் போய் ரெண்டா வெட்டணும்?" மெனேஜர் கேட்டார். யாரோ எதையோ அமுக்கி டெர்மினல் பக்கம் கெட்டுப்போனால், முந்தைய நாள் பிரதியை எடுத்துப் போட்டுவிடலாம், செக்ரோலில் கை படாது என்றேன். தலையாட்டினார். மூன்றாவதாக ஒரு எஸ்எஸ்டி, அலுமாரியில் ஸ்பெயாராக இருக்கட்டும் என்றதற்குத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் கொழும்புச் சாமான் எப்போது வரும் என்று கேட்டேன். கொட்டேஷனில் இருந்த 4 டெராபைட் டிஸ்க் நாலையும் வெட்டிவிட்டு மூன்று எஸ்எஸ்டிக்கும் கையெழுத்துப் போட்டார்.

ஒரு நிபந்தனை: தீபாவளி அட்வான்ஸ் கணக்கு முடியும்வரை எந்த ஆபீஸிலும் கை வைக்கக் கூடாது. 20ஆம் திகதிக்குப் பிறகுதான் மாற்றம்.