கார் கொட்டகையில் கடல்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மேட்டில் ஏறும் சாலையோரம் ஒரு வாடகை வீடு. அதில் கார் கொட்டகை உண்டு, கார் இல்லை. குளச்சலிலிருந்து வந்து குடியேறிய படகுத் தச்சர் ஒருவர், தம் உளிகளையும் இழைப்புளிகளையும் அங்கே வைத்திருந்தார்.

அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, விழிஞ்ஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தைப் பார்க்கச் சென்றாள். 1947இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் தலைமையிடம் இன்று கொச்சி. முன்பு நம் இராமநாதபுரக் கடற்கரையின் மண்டபம். பவளப்பாறைகளில் வாழும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை விழிஞ்ஞம் மையத்து அறிஞர்கள் உருவாக்கினர். இதைக் கேட்டு வந்த நாள்முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. அவ்வாறு வளர்க்கப்பட்ட இரண்டு குஞ்சுகள் வீட்டுக்கு வந்தன.

இரண்டாண்டு கழித்து, ஒரு ஞாயிறன்று, தொட்டியிலிருந்த ஓட்டுத் துண்டில் ஆரஞ்சு நிற முட்டைகள் ஒட்டியிருந்தன. ஆண் மீன் இரவுபகலாகத் துடுப்பால் விசிறிக் காவல் காத்தது. முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். குஞ்சுகளுக்குத் தனித்தொட்டி வேண்டும். அவை உண்ணும் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிர்க்கு ஒன்று. ரோட்டிஃபர் உண்ணும் பச்சைப் பாசிக்கு ஒன்று.

“ஆக நாலு தொட்டியா, மக்களே? இந்த மேசை ஒன்றுக்கே வளைந்துவிட்டதே!” என்றார் தந்தை.

மகள் கணக்கிட்டாள். 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 182 லிட்டர் கொள்ளும். கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது; எனவே 187 கிலோ. நான்கு தொட்டிக்கு 748 கிலோ. கண்ணாடியின் எடை தனி. பழைய மாருதி 800 காரே ஏறத்தாழ 650 கிலோதான். கார் இல்லாத கொட்டகையில் காரைவிடக் கனமான ஒன்று நிற்கப்போகிறது!

இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தால் வேலை எளிது. ஆனால் உப்புநீர் சிந்தும் இடத்தில் இரும்பு விரைவில் துருவேறும். படகு கட்டி மிஞ்சிய அயனி மரத்தை அவர் எடுத்தார். மலையாளிகள் இதனை ஆஞ்ஞிலி என்பர். குறுக்குச் சட்டங்களைக் கால்களின் பக்கவாட்டில் ஆணியடித்துத் தொங்கவிடவில்லை; காலில் படி வெட்டி அதன்மேல் அமர்த்தினார். அப்போதுதான் எடை ஆணியில் விழாமல் மரத்தின் வழியே தரைக்கு இறங்கும். மேலே பலகை, அதன்மேல் தெர்மாகோல். புதன்கிழமை மாலை இரண்டு தட்டுத் தாங்கி எழுந்து நின்றது. அழகாகவே நின்றது.

முதல் தொட்டியில் நீர் ஊற்றினர். நீர்மட்டம் ஒருபுறம் விளிம்பைத் தொட, மறுபுறம் ஒரு விரல் தாழ்ந்திருந்தது.

தாங்கியில் பிழையில்லை. கார் கழுவும் நீர் வெளியே ஓடுவதற்காகக் கொட்டகைத் தரையைக் கொத்தனார் சரிவாகப் பூசியிருந்தார். படகு நீரில் மிதப்பது. நிலம் சமமா என்று முப்பதாண்டுத் தொழிலில் அவர் கேட்க நேர்ந்ததில்லை போலும். எடை ஒருபுறம் சாய்ந்தால் கண்ணாடியின் ஒட்டு விட்டுப்போகும்.

“ஆப்பு வைத்தால் போதாதா, அப்பா?”

“ஆப்பு நழுவும், மக்களே. தண்ணீரை வெளியே எடு.”

வாளி வாளியாக நீர் வெளியேறியது. அண்டை வீட்டில் மட்டக்குழாய் இரவல் கிடைத்தது. ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் நீர் நிரப்பினால் அதன் இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதைக்கொண்டு ஒவ்வொரு காலுக்கும் அளவு குறித்து, தாழ்ந்த பக்கத்துக் கால்களைப் புதிதாகச் செய்தார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அதிலேயே கழிந்தன. சனிக்கிழமை நான்கு தொட்டியிலும் நீர் சமமாக நின்றது.

ஞாயிறு மாலை முட்டைகளுக்குள் சிறு கண்கள் வெள்ளியாய் மின்னின; இரவிலே பொரியும் என்பதற்கு அதுவே அடையாளம். ஓட்டுத் துண்டைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றி, காற்றுக்குழாயை அருகில் வைத்து, விளக்கை அணைத்தனர். தாங்கியின் அடியில் தந்தை பழைய செய்தித்தாள்களை விரித்தார். இருவரும் கொட்டகையிலேயே பாய்போட்டுப் படுத்தனர்.

விடிந்ததும் மகள் தொட்டியை நோக்கி ஓடினாள். கண்ணாடிக்குள் ஊசிமுனைபோல் எண்ணற்ற உயிர்கள் துடித்துக்கொண்டிருந்தன. தந்தை முதலில் குனிந்து செய்தித்தாளைத் தொட்டுப் பார்த்தார். அது உலர்ந்திருந்தது.