பெஞ்சு மகாசபை

காப்பியைப் பற்றி எழுதாத தமிழ்ப் பேனா இல்லை. கும்பகோணம் காப்பி, ரெயிலடிக் காப்பி, மாமியார் போட்ட காப்பி, மனைவி போட மறுத்த காப்பி என்று நம் பத்திரிகைகள் அந்தப் பானத்துக்கு எத்தனையோ பக்கங்களைத் தாராளமாக ஒதுக்கியிருக்கின்றன. டீ மட்டும் என்ன பாவம் செய்ததோ? காப்பி வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறவர்களின் பானமாகவும், டீ தெருவில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் பானமாகவும் ஆகிவிட்டதுதான் காரணமாயிருக்க வேண்டும். பேசுகிறவர்களுக்கு எழுத நேரம் ஏது?

ஆகவே டீயின் சார்பில், அதைக் காட்டிலும் டீக்கடை வாசலில் கிடக்கும் மரப் பெஞ்சின் சார்பில், சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இங்கே பன்மையில் பேசுவது பத்திரிகைச் சம்பிரதாயம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். உண்மையாகவே நாங்கள் ஐந்து பேர்.

செங்கற்பட்டு ஜில்லாவில், கல்பாக்கத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது புதுப்பட்டினம். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவே கடற்கரைச் சாலை. அந்தச் சாலையோரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. ஒரு பாய்லர், ஒரு கண்ணாடிப் பெட்டி நிறையப் பொறை, எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். ஒரு பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை; அதற்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கும். 1998-ஆம் வருஷ வாக்கில் அந்தப் பெஞ்சில்தான் எங்கள் மகாசபை கூடத் தொடங்கியது. அங்கத்தினர் சந்தா ஒரு டீ. அதுவும் கையில் காசில்லாத நாளில் பாதி டீ.

அங்கத்தினர்களை அறிமுகம் செய்ய வேண்டும். முதலாமவர் பாய்; தையற்காரர். சட்டைக்கு அளவெடுப்பது போலவே மனிதர்களையும் ஒரே பார்வையில் அளந்துவிடுவார். இரண்டாமவர் குப்பத்து மீனவர். எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அதைக் காற்றில் கொண்டு போய் முடிப்பார். கச்சான் மேற்கிலிருந்து வருவது, வாடை வடக்கிலிருந்து வருவது என்று எங்களுக்குப் பாடம் சொல்லி, கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கு மட்டும் தனி ஸ்தோத்திரமே பாடுவார். அதனால் அவருக்குக் கொண்டல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்றாமவர் தாத்தா. நான்காமவர் ஆந்திர தேசத்திலிருந்து அணுமின் நிலையத்தில் வெல்டிங் வேலைக்கு வந்தவர். முதல் யூனிட்டு, இரண்டாம் யூனிட்டு என்று ஓயாமல் சொல்லிக் கொண்டிருப்பாராகையால் 'யூனிட்டு' ஆனார். ஐந்தாமவர், பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டிய ஒரே குற்றத்துக்காக, பள்ளிக்கூடத்தில் வேலை கிடைப்பதற்கு முன்பே 'வாத்தியார்' என்று பட்டம் பெற்றவர். பிற்பாடு சர்க்காரும் அந்தப் பட்டத்தை ஊர்ஜிதம் செய்தது. இந்த வரிகளை எழுதும் கை அவருடையது.

கடைக்கு வருவது ஒரே தினசரி. அதைத் தாள் தாளாகப் பிரித்துக் கொள்வோம். இதில் ஒரு சங்கடம் உண்டு. முதல் பக்கத்தில் கொலையைப் படிக்கிறவர், கொலையாளி யார் என்று தெரிந்து கொள்ளும் தறுவாயில், '6-ஆம் பக்கம் பார்க்க' என்று போட்டிருக்கும். 6-ஆம் பக்கம் எதிர்ப் பெஞ்சில் இருக்கும். அங்கே அதை வைத்திருப்பவரோ, தலையும் காலும் தெரியாமல், "யாரையோ போலீஸ் பிடிச்சுட்டாங்களாம்" என்று சொல்லிக் கொண்டிருப்பார். இப்படியாக ஒரு செய்தியை முழுசாகத் தெரிந்து கொள்ள இரண்டு மனிதர்கள் வேண்டும். இப்போது ஒவ்வொருவரும் தம் தம் கைப்பேசியில் முழுச் செய்தியையும் தனியாகப் படித்துவிடுகிறார்கள். சௌகரியந்தான், மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை நடைபயணம் புறப்படும். மேற்கே போனால் கால்வாய்க் கரை. அங்கே தாத்தாதான் அக்கிராசனர். சிறு பிள்ளையாய்ச் சரக்குப் படகில் வேலை பார்த்தவர் அவர். சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிக் கொண்டு படகுகள் சென்னைக்குப் போகும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். படகிலேயே அடுப்பு, படகிலேயே சோறு, படகிலேயே தூக்கம். 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய் அது. கடைசியில் ஆந்திரக் கரையின் காக்கிநாடாப் பக்கத்திலிருந்து மரக்காணம் வரையில் நீண்டது. 1877-78-இல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சரித்திரத்தை வாத்தியார் புத்தகம் பார்த்துச் சொன்னபோது தாத்தா கேட்டார்: "மண்ணு சொமந்தவன் பட்டினியோட சொமந்தான். பேரு மட்டும் கவர்னருதா, தம்பி?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது.

வடக்கே போனால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை. மெல்லிய துணிகளுக்குப் பெயர் போன இடம் அது. அந்தத் துணிகளை வாங்கிக் கப்பலேற்றவே டச்சுக்காரர் அங்கே கோட்டை கட்டினார்கள். 1824-ஆம் வருஷத்து உடன்படிக்கைக்குப் பிறகு, 1825-இல், அது ஆங்கிலேயர் வசம் போயிற்று. இப்போது செங்கற் சுவர்களும், சித்திர வேலைப்பாடுள்ள கல்லறைக் கற்களுமே மிச்சம். கல்லறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பது மரியாதையா என்று பாய் ஒரு தரம் கேட்டார். "கடல் தாண்டி வந்து இங்கே தனியாப் படுத்திருக்காங்க. பக்கத்துல நாலு பேர் பேசினா சந்தோஷந்தான் படுவாங்க" என்று தாத்தா தீர்ப்பளித்தார். அதன் பிறகு ஆட்சேபம் எழவில்லை.

அந்தக் கோட்டைக்கு எதிரே உள்ள கடலில்தான் 1782-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி பிரெஞ்சு நாட்டு சுப்ரேனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதிக் கொண்டார்கள். இரு கட்சிக்கும் முடிவான வெற்றி இல்லை. சாயங்காலம் காற்று தென்கிழக்காக மாறி ஆங்கிலேயருக்குக் கை கொடுத்தது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் மீனவ நண்பர் துள்ளி எழுந்தார். "தென்கிழக்கா? அப்போ கொண்டல்தான்! நான் சொல்லலே?" என்று கூவினார். இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரு யுத்தம் தம்முடைய கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்ட பெருமிதத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். யூனிட்டு இரண்டு டீ குடித்தார்.

அவர்கள் இருவருக்கும் இடையே வேறொரு வழக்கு நெடுநாளாக நடந்தது. மின் நிலையம் இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடலுக்கு அடியில் ஏறத்தாழ அரைக் கிலோ மீட்டர் நீளச் சுரங்கம் போட்டுக் கடல் நீரை எடுக்கிறது. சற்றே சூடான நீரைத் திரும்ப விடுகிறது. அதனால் மீன் விலகிப் போகிறது என்பது கொண்டலின் வாதம். அந்தச் சூட்டில் மீன் குளிர் காயும் என்பது யூனிட்டின் பிரதிவாதம். சர்க்கரை டப்பாவை அணு உலையாகவும், டம்ளர்களைக் குழாய்களாகவும் வைத்து அவர் விளக்கம் சொல்லும்போது கடைக்காரர் பதறிப் போய்ச் சர்க்கரையைப் பறிமுதல் செய்வார். வழக்கு அத்துடன் ஒத்திவைக்கப்படும்.

இத்தனை சொன்ன பிறகும் எங்களில் ஒருவருடைய நிஜப் பெயரையும் இங்கே சொல்லவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். அப்போது எங்களுக்கே தெரியாது! பெஞ்சில் பெயர் கேட்கும் வழக்கம் இல்லை. நம் நாட்டில் பெயர் கேட்டவன் அடுத்தாற்போல் ஊர் கேட்பான். அப்புறம் எந்தத் தெரு என்பான். மூன்றாவது கேள்வியில் மனிதனை எந்த உயரத்தில் வைப்பது என்று தீர்மானித்துவிடுவான். தாத்தா தம் இளமையில், சிலருக்குக் கடைக்கு வெளியே கொட்டாங்கச்சியில் டீ ஊற்றியதைக் கண்ணால் பார்த்தவர். தீண்டாமையை ஒழித்தது அரசியல் சாசனத்தின் 17-ஆவது ஷரத்து. கடைகளில் அதை அநுஷ்டித்தால் தண்டனை என்று 1955-இல் சட்டமும் செய்தார்கள். ஆனாலும் தனி டம்ளர் வைத்த கடைகள் அதற்குப் பிறகும் நெடுநாள் தமிழ்நாட்டில் இருந்தன. எங்கள் கடைக்காரர் சட்டம் படித்தவரல்லர். எல்லா டம்ளரையும் ஒரே வாளியில் முக்கி எடுத்து, எந்த டம்ளர் முதலில் கைக்கு வந்ததோ அதில் ஊற்றுவார். பாய் குடித்த டம்ளர் கொண்டலுக்கு வரும். கொண்டலின் டம்ளர் வாத்தியாருக்கு வரும். பெயரில்லாமல் இருந்ததில் எங்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி. சபை காலையிலேயே கூடிவிட்டது. கொண்டலும் யூனிட்டும் மட்டும் வரவில்லை. ஒன்பது மணி சுமாருக்குக் கிழக்கேயிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். உடை நனைந்திருந்தது. முதலில் வந்த பெண்மணிக்குப் பேச்சு வரவில்லை. கையை மட்டும் கடற்பக்கமாக நீட்டினாள். சுனாமி என்ற வார்த்தையை எங்களில் ஒருவரும் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்தப் பகலைப் பற்றி விஸ்தாரமாக எழுத மனம் ஒப்பவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். கல்பாக்கம் டவுன்ஷிப்பிலும் கடலோர வீடுகளுக்குள் அலை புகுந்து பலரைக் கொண்டு போயிற்று. மின் நிலையத்தில் ஓடிக் கொண்டிருந்த யூனிட்டைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள் என்று மாலையில் எங்கள் யூனிட்டே வந்து சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் பாய் தரையில் உட்கார்ந்தார்.

கொண்டலைக் காணோம். பள்ளிக்கூடம், கலியாண மண்டபம் என்று ஜனங்கள் தங்கியிருந்த இடமெல்லாம் தேடினோம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மேஜை, ஒரு நோட்டுப் புத்தகம், அதன் பின்னால் களைத்துப் போன ஒரு வாலிபர்.

"பேரு?"

"கொண்டல்."

"முழுப் பேரு?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம்.

"தகப்பனார் பேரு? எந்தத் தெரு?"

ஆறு வருஷமாகத் தினந்தோறும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவருக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று தெரியும். சிரிக்கும்போது எந்தப் பல் இல்லை என்று தெரியும். நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தக்க ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்த ஜாபிதாவைப் பாய் மேலிருந்து கீழாக விரலால் தடவிக் கொண்டே போனார். அதிலுள்ள எந்தப் பெயரும் கொண்டலாக இருக்கலாம். எந்தப் பெயரும் கொண்டலாக இல்லாமலும் இருக்கலாம். அந்த விரலின் நடுக்கத்தை இப்போது நினைத்தாலும் எங்களுக்கு என்னவோ செய்கிறது.

மூன்றாம் நாள் கடைக்காரர் பாய்லரை மூட்டினார். வியாபாரத்துக்காக அல்ல, வெறுமனே உட்கார்ந்திருக்க முடியாமல் மூட்டினார். பொழுது சாயும் நேரத்துக்குக் கொண்டல் வந்தார். வேறு யாருடையதோ சட்டை, தொளதொளவென்று தொங்கியது. வழக்கமான இடத்தில், செங்கல் முட்டுப் பக்கமாக, உட்கார்ந்தார்.

விடியுமுன்பே கடலுக்குப் போனவர் அவர். ஆழ்கடலில் அலை ஒன்றும் பிரமாதமாகத் தெரியவில்லையாம். படகு ஒரு முறை மெல்லத் தூக்கி இறக்கியது, அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் கரையை அடையாளம் தெரியவில்லை. தெற்கே பாலாற்று முகத்துவாரப் பக்கமாய்ப் படகை ஒதுக்கிவிட்டு நடந்திருக்கிறார். வீடு இல்லை, வலை இல்லை. வீட்டில் ஓர் உயிரும் போயிருந்தது. அதை அவர் அன்று சொல்லவில்லை, மறு மாதந்தான் சொன்னார். இரண்டு நாளாக எங்களைத் தேடியிருக்கிறார் அவர்!

"பாய் வீடு எதுன்னு எனக்குத் தெரியாது. வாத்தியாரு பேரு தெரியாது. யாரைன்னு சொல்லிக் கேக்கறது? கடையத்தான் தெரியும். கடை தொறக்கட்டும்னு இருந்தேன்" என்றார்.

கடைக்காரர் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, கடன் கணக்கு நோட்டை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பென்சிலை நீட்டினார். எங்கள் ஐந்து பேருடைய பெயரும், தகப்பனார் பெயரும், தெருவும் வரிசையாக அதில் ஏறின. கேட்டவர்களும் சொன்னவர்களும் தலை குனிந்தே இருந்தோம். எழுதி முடித்ததும் அவர் நோட்டை மூடிக் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். மறுநாள் முதல் பழையபடி பாய், கொண்டல், யூனிட்டு, வாத்தியார், தாத்தா. அந்தப் பக்கத்தை மறுபடி திறக்கும்படி நேர்ந்தது ஒரே முறை. தாத்தா காலமானபோது, பேரப்பிள்ளைகள் இருக்கும் தெருவைக் கண்டுபிடிப்பதற்காக.

யூனிட்டு பிறகு வேலை தேடிக் கூடங்குளம் போனார். பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசியில் கூப்பிட்டு, அங்கே உள்ள யூனிட்டுகளின் பிரதாபத்தை வர்ணிப்பார். கடற்கரைச் சாலை அகலமாயிற்று, கடை போயிற்று, பெஞ்சு எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது. சாலைக்கு மேற்கே ஒரு புதுக் கடையில் இப்போது கூடுகிறோம். அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலி தனி ஆசாமிக்கு ஏற்பட்டது. பெஞ்சில் மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆள் வந்தால், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அதிலேயே பேச்சுத் தொடங்கிவிடும். நாற்காலியில் அதற்கு வழியில்லை. இதைக் கண்டு மனம் பொறாத பாய், ஞாயிற்றுக்கிழமைகளில் தம் தையற்கடைப் பெஞ்சைத் தூக்கி வந்து அங்கே போடுகிறார். புதுக் கடைக்காரர் முதலில் முறைத்தார். இப்போது அவரும் அதன் ஓரத்தில் வந்து உட்காருகிறார். டீ பன்னிரண்டு ரூபாய். அது அநியாயம் என்று கொண்டல் வாரந்தோறும் அவரோடு வாதாடிக் கொண்டிருக்கிறார்.