அர்பாப் கெய்கோஸ்ரோ

பார்சி என்றதும் நமக்கெல்லாம் டாட்டா குடும்பம்தான் ஞாபகத்துக்கு வரும். கப்பலேறி வராமல் பாரசீகத்திலேயே தங்கிவிட்ட அவர்களது பங்காளிகளைப் பற்றி நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். அப்படிப் படித்ததில் மனதை விட்டு அகலாதவர் அர்பாப் கெய்கோஸ்ரோ ஷாரோக். அர்பாப் என்றால் நம் ஊரில் முதலாளி என்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதைச் சொல்.

கெர்மான் ஊர்க்காரர். பம்பாயில் படித்துவிட்டு ஊர் திரும்பி வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு தெஹ்ரானில் பெரிய அளவில் வியாபாரமும் லேவாதேவியும் நடத்திய அர்பாப் ஜம்ஷீத்திடம் சேர்ந்தார். தொழில் பழகியது அங்கேதான்.

அவர்கள் ஜொராஷ்டிரர்கள். முஸ்லிம் அல்லாதவர் என்பதற்காக 1882 வரை தனி வரி கட்டிய ஜனங்கள். 1906-ல் மன்னராட்சிக்குள்ளேயே மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றம் வந்தபோது இவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. முதலில் ஜம்ஷீத் போனார். 1909-ல் கூடிய அடுத்த மஜ்லிஸுக்குக் கெய்கோஸ்ரோ. அதன்பின் சாகும்வரை அந்த இடம் அவருடையதுதான்.

மேடைப் பேச்சைவிட நிர்வாகம்தான் அவருக்குக் கைவந்த கலை. மஜ்லிஸ் நூலகம், அச்சகம், தொலைபேசிக் கம்பெனி, தம் சமூகத்துக்குப் பள்ளிகள் என்று எடுத்ததை எல்லாம் நடத்திக் காட்டினார். ஷாநாமா பாடிய பிர்தௌசிக்குத் தூஸ் நகரில் நினைவு மண்டபம் எழுப்பும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். 1934-ல் மன்னர் ரேசா ஷாவே வந்து அதைத் திறந்து வைத்தார்.

ஆறே வருடம். 1940-ல் ஓர் இரவு தெஹ்ரான் தெருவில் அவர் இறந்து கிடந்தார். அவர் மகன் பஹ்ராம் அப்போது ஜெர்மனியில். பெர்லின் வானொலியில் பாரசீக மொழியில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு மன்னருக்கு ஆகவில்லை, மகன் கைக்கு எட்டாததால் அப்பாவைப் போலீஸ் தீர்த்துக்கட்டியது என்றுதான் பலரும் நம்புகிறார்கள்.

என் மகனும் வெளிநாட்டில்தான் இருக்கிறான். அரசியலில் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போனில் சத்தம் போட்டுக்கொள்வோம், மறுநாள் பேரனைப் பற்றிப் பேசுவோம். அவ்வளவுதான். அதற்காக ராத்திரி யாரும் என்னைப் பின்தொடர்ந்து வரமாட்டார்கள். இந்த நிம்மதியை எவ்வளவு சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்!

முப்பது வருட உழைப்பும் நாணயமும் அந்த மனிதருக்குக் காவலாக நிற்கவில்லை. ஒருவர் முகம் சுளித்தால் போதும் என்ற ஆட்சியில் நல்ல பெயர் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த வருடமே, 1941-ல், ரேசா ஷாவும் முடியைத் துறந்து நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

மஜ்லிஸ் நூலகம் இன்றும் தெஹ்ரானில் இருக்கிறது.