வளைகுடா விசா: உதிரிக் குறிப்புகள்

மண்ணடியில் ஒரு ட்ராவல்ஸ். கண்ணாடிக் கதவில் ஒட்டிய தாளில் முதலில் தொழில்: ஷட்டரிங் கார்பெண்டர், ஸ்டீல் ஃபிக்ஸர், மேசன், ஹவுஸ் டிரைவர். பக்கத்தில் சம்பளம். நாட்டின் பெயர் கடைசியில், சின்ன எழுத்தில்.

நிற்பவர்களும் அதே வரிசையில்தான் படிக்கிறார்கள்.

பத்தாவது பாஸ் செய்யாதவர் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். அவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அனுமதி தர வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம்.

சுற்றுலா விசாவில் போனால் அந்த அனுமதி தேவையில்லை. ஏஜெண்டுகளுக்கு இது நன்றாகத் தெரியும். "விசிட்டில் போயிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்." இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பேர் அங்கே போய் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு வரம்பு உண்டு. 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்தத் தொகைக்குப் போனேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

பெண்டாட்டி நகை எந்த பேங்கில் இருக்கிறது என்று கேட்டால் உண்மையான தொகை வரும்.

275 ரூபாய். பிரவாசி பாரதிய பீமா யோஜனா, இரண்டு வருடத்துக்கு. விபத்தில் இறந்தால் 10 லட்சம். பாலிசித் தாளைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தாள் இருக்க வேண்டிய இடம் வீடு.

மெடிக்கல். பெயர் மாறி வருடங்கள் ஆகியும் 'காம்கா' என்றுதான் சொல்கிறார்கள். ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் 'அன்ஃபிட்'. சின்ன வயதில் வந்து, மாத்திரை சாப்பிட்டு, குணமாகி, வந்ததே மறந்துபோயிருக்கும். எக்ஸ்ரே மறக்காது.

கடன் வாங்கிய பிறகுதான் பெரும்பாலும் மெடிக்கலுக்குப் போகிறார்கள். முதலில் மெடிக்கல், பிறகு கடன் என்று ஏன் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை?

கைரேகை எடுக்கும் மெஷின். கொத்தனார் விரலை வைக்கிறார். விழவில்லை. துடைத்து வைக்கிறார். விழவில்லை. சிமெண்ட் பல வருடங்களாக ரேகையைத் தின்றிருக்கிறது. பின்னால் நிற்பவரும் கொத்தனார். தன் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார்.

ஒற்றைப் பெயர். நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விசிட் விசா இல்லை என்றார்கள். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு விளக்கம் வந்தது.

அப்பா இறந்து பல வருடம் ஆகியிருக்கும். அவர் பெயர் ஏர்போர்ட்டில் துணைக்கு வருகிறது.

விசாவில் ஒரு வரி உண்டு: தொழில். அதை யாரும் படிப்பதில்லை. அரபியில் இருக்கும். கடை வேலை என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்கு அந்த வரியில் ஆடு மேய்ப்பவர் என்று இருந்திருக்கிறது. ரியாத்தில் இறங்கி, பிக்கப்பில் ஏறி, ரோடு முடிந்த பிறகும் வண்டி போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது.

குவைத்தில் எண்ணால் பேசுகிறார்கள். 18ஆம் நம்பர், கம்பெனி விசா. 20ஆம் நம்பர், வீட்டு வேலை. 22ஆம் நம்பர், குடும்பம். பேச்சில் 18 'ஷூன்', 20 'காதிம்'. காதிமில் போனவர் கடையில் வேலை செய்தால் குற்றம். 2024இல் ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை மட்டும் காதிமிலிருந்து ஷூனுக்கு மாற அனுமதித்தார்கள். தகவல் தாமதமாகத் தெரிந்தவருக்குக் கதவு சாத்தியாயிற்று.

ஆசாத் விசா. காகிதத்தில் ஒரு கஃபீல் (ஸ்பான்சர்), வேலை வேறு எங்கோ. கஃபீலுக்கு வருடா வருடம் பணம். பணம் நின்றால் ஒரு போன், 'ஹுரூப்'. ஓடிப்போனவன் என்று பதிவு. ஓடாதவரும் அந்த நிமிஷத்திலிருந்து ஓடியவர்.

2021 மார்ச் 14 முதல் சவூதியில், சில நிபந்தனைகளோடு, முதலாளி சம்மதம் இல்லாமலும் வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று சட்டம் வந்தது. நல்ல மாற்றம். வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரப் பெண், மேய்ப்பர், தோட்டக்காரர் அதில் சேர்க்கப்படவில்லை. அதிகம் தேவைப்பட்டவர்கள் அவர்கள்தான்.

இக்காமாவை, அதாவது சவூதியில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டியது முதலாளி. செக்கிங்கில் நிற்க வைக்கப்படுவது தொழிலாளி.

முன்பு இக்காமா ஒரு சின்னப் புத்தகம். முஸ்லிம்களுக்குப் பச்சை, மற்றவர்களுக்குப் பழுப்பு. இப்போது கார்டு, போனிலும் இருக்கிறது. அமீரகத்தில் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவது 2022 ஏப்ரலில் நின்றது. பழைய பாஸ்போர்ட்டைப் புதியதோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்து எடுத்துப் போன காலம் ஒன்று உண்டு. கைக்கு ஒரு செங்கல் கனம்.

லேபர் இக்காமாவில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கம்பெனி அவசரத்துக்கு டிப்ளமோ படித்த பையனை 'ஆமில்' (கூலித் தொழிலாளி) என்று எடுத்துவிடுகிறது. கல்யாணம் ஆன பிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் அவனுக்குத் தெரிகிறது.

சவூதியில் 2017 ஜூலை 1 முதல் குடும்பத்தினருக்குத் தலைவரி. ஆளுக்கு மாதம் 100 ரியால். அடுத்த வருடம் 200. பிறகு 300. 2020இல் 400. மனைவி, இரண்டு குழந்தை என்றால் மாதம் 1,200.

அந்த வருடங்களில் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பள்ளிக்கூடங்களில் ஊர் திரும்பி நடுவாண்டு அட்மிஷன் கேட்டு வந்த பிள்ளைகளை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். தமிழ் எழுதத் தெரியாமல் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள்.

துபாயில் பிறக்கும் குழந்தைக்கு 120 நாளுக்குள் விசா அடிக்க வேண்டும். தாண்டினால் அபராதம்.

மகனை அப்பா விசாவில் 18 வயது வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2022 அக்டோபரில் 25 ஆக்கினார்கள். கல்யாணம் ஆகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அந்தத் தெருக்களைத் தவிர வேறு தெரியாத பையன் 25 முடிவதற்குள் தனக்கு ஒரு விசா தேட வேண்டும். இல்லையென்றால் 'சொந்த ஊருக்கு'. அவன் லீவில் மட்டும் பார்த்த ஊர்.

ஓய்வு. இதைத்தான் அதிகம் கேட்டுப் பார்க்கிறேன்.

குவைத்தில் 2021 தொடக்கத்தில், 60 வயது ஆகி டிகிரி இல்லாதவருக்கு வேலை அனுமதி புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். அடுத்த வருடம் தளர்த்தினார்கள்: வருடம் 250 தினார், அதோடு தனியார் மருத்துவக் காப்பீடு. சமையல்காரர், மெக்கானிக், பக்காலா எனும் மளிகைக் கடைக்காரர். நாற்பது வருடம் அந்த ஊர் வீடுகளுக்கு சாமான் போட்டவரிடம் டிகிரி எங்கே என்று கேட்டார்கள்.

துபாய் 2020இல் ஓய்வுக்கால விசா கொண்டுவந்தது. அப்போதைய நிபந்தனை: 55 வயது. மாதம் 20,000 திர்ஹம் வருமானம், அல்லது 10 லட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது சொத்து. ஐந்து வருடம், புதுப்பிக்கலாம்.

சவூதியின் பிரீமியம் ரெசிடென்சி, 2019. வருடத்துக்கு 1,00,000 ரியால். ஒரே தடவையில் கட்டினால் 8,00,000. மாதம் 1,000 ரியால் வாங்குகிறவர் ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் சேர்த்தால் 800 மாதம். அறுபத்தாறு வருடம், எட்டு மாதம்.

மற்றவர்களுக்கு ஓய்வு என்றால் கேன்சல்.

முப்பது வருடம் இருந்தவருடைய கார்டும் மூன்று மாதம் இருந்தவருடைய கார்டும் ஒரே மாதிரி. பின்னால் முடியும் தேதி.

இரண்டு இரண்டு வருடமாக முப்பது வருடம். ஊரில் வீடு கட்டியாயிற்று. அதில் தொடர்ந்து ஒரு பொங்கலும் ஒரு தீபாவளியும் இருந்ததில்லை.

கிராஜுவிட்டி. அமீரகத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கு. அலவன்ஸ் சேராது. பேசிக்கைக் குறைத்துப் போட்டு அலவன்ஸை ஏற்றிக் காட்டும் ஆஃபர் லெட்டரில் இளைஞர்கள் சந்தோஷமாகக் கையெழுத்திடுகிறார்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் விசா போய்விடும். கோல்டன் விசாக்காரருக்கு இந்த விதி இல்லை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்.

துபாயில் முஹைஸ்னா. சோனாப்பூர் என்றால்தான் நம் ஆட்களுக்குத் தெரியும். லேபர் கேம்ப் அங்கே. விசா மெடிக்கல் எடுக்கும் சென்டர் அங்கே. உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைக்கும் இடமும் அங்கே.

இறந்தவரின் விசாவையும் கேன்சல் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டையும். அதன் பிறகுதான் உடல் விமானம் ஏறும்.

இந்தத் தாள்களுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைபவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள் அல்ல. பக்கத்து ரூம்காரர், அதே ஊர்க்காரர், சங்கத்து ஆட்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். இவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அவுட்பாஸில் திரும்பியவர்கள். 2013இல் சவூதியில் பொது மன்னிப்பு. 2017இல் மறுபடியும். பாஸ்போர்ட் இல்லாமல், எமர்ஜென்சி சர்டிஃபிகேட் என்ற ஒற்றைப் பயணத்தாளோடு. ஏர்போர்ட்டில் கூட்டிப்போக வந்தவர்களிடம் முதலில் கேட்டது, "கடன் எவ்வளவு பாக்கி?"

போகிறவர்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பணத்தில் படித்த பிள்ளைகள், கட்டிய வீடுகள், கல்யாணமான தங்கைகள் எல்லாம் உண்மை.

ஆனால் பணம் கட்டும் முன் மூன்று வேலை. ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு, அரசாங்கத்தின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விசாவில் தொழில் என்ற வரியை அரபி படிக்கத் தெரிந்த, ஏஜெண்டுக்கு வேண்டாத ஒருவரிடம் காட்டுங்கள். விசா, காண்ட்ராக்ட், காப்பீடு மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அது என்னவென்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கும் ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட்டை அப்போதே திருப்பி வாங்கிவிடுங்கள்.