வாய்க்கால் கட்டால போவமா?

2022இல பெற்றோல் இல்லாமல் போனபோது கிளிநொச்சியில மூலையில கிடந்த சைக்கிள் எல்லாம் திரும்ப வெளியில வந்தது. நாங்களும் ரியூப் மாத்தி எடுத்தோம். அந்த மாதங்களில ஏ9இல பயமில்லாமல் ஓடினோம். பெற்றோல் வந்தது, பயமும் வந்தது.

இப்ப ஏ9 நல்ல காப்பெற் வீதி. பஸ்ஸும் ரிப்பரும் பறக்குது. வெள்ளைக்கோட்டுக்கு வெளியால, மண் கரையில பள்ளிக்கூடப் பிள்ளைகள். தங்கச்சி வந்து சேருமட்டும் அம்மா படலையடியில நிற்பா.

ஆனால் இரணைமடுக் குளத்து வாய்க்கால்கள் ஊருக்குள்ளாலதானே ஓடுது. அந்தக் கட்டுகளில மாடும் உழவு மெசினும் ஏற்கெனவே போகுது. கிறவல் போட்டு, கரையோரம் மருதமரம் நட்டு, ஆழமான இடத்தில வேலி அடிச்சால் பிள்ளைகளுக்கும் பாதைதான்.

நெதர்லாந்தில சைக்கிள் பாதை தானாக வரேல்லை. 1970களில, பிள்ளைகள் வீதியில சாகிறதைப் பொறுக்காமல் சனம் இறங்கிக் கேட்டது. இங்க வாய்க்காலுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம், உள்வீதிக்குக் கரைச்சிப் பிரதேச சபை. இரண்டிடமும் கேட்கவேணும்.

வெறுங்கையோட போகாமல், முதல்ல ஒரு கிழமை பள்ளிக்கூடம் விடுற நேரம் நின்று, எத்தனை பிள்ளைகள் சைக்கிளில போகினம் எண்டு எண்ணப்போறோம். நீங்களும் வாறீங்களா?